படகுக்குள் குடியிருக்கும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் முதலில் குறை சொல்வது இன்ஜினைத்தான். "எண்ணெய் நிறையக் குடிக்குது, இழுவை இல்ல" என்பார்கள். இன்ஜினைப் பிரித்து மாட்டியும் பார்த்திருப்பார்கள். படகை எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். செய்து வைத்த படகுக்கு எடை எப்படிக் கூடும் என்பது அவர்கள் கேள்வி. கூடும். நூறு, இருநூறு கிலோ கூடக் கூடும். எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அரசும் கொடுத்தது, தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன. அந்த அவசரத்தில் புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன. நல்ல வேலையும் நடந்தது, மேட் எனும் கண்ணாடி நார் விரிப்பின் அடுக்கைக் குறைத்துக் கணக்கு முடித்த வேலையும் நடந்தது. அவற்றில் இன்னும் கடலுக்குப் போகிற படகுகளுக்கு இப்போது இருபது வயது. நாம் நிற்கும் தளத்துக்கும் படகின் அடிக்கும் நடுவே அடைத்திருக்கும் ஃபோமுக்கும் அதே வயதுதான்.

அந்த ஃபோம் எதற்கு? படகில் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காமல் ஆட்களைத் தாங்க வேண்டும் என்பதற்கு. அமெரிக்காவில் பாஸ்டன் வேலர் என்றொரு படகு உண்டு. இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே முழுக்க ஃபோம். 1961-ல் லைஃப் பத்திரிகைக்காக அதைத் தண்ணீரில் வைத்தே இரண்டாக அறுத்துக் காட்டினார்கள். அறுத்த பிறகும் மிதந்தது. படகுக்கு ஊற்றும் சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் ஒரு கன மீட்டர் சுமார் 32 கிலோதான். அதே இடத்துக் கடல்நீர் 1025 கிலோ. மிதப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதே கணக்கு திரும்பியும் அடிக்கும். 300 லிட்டர் இடத்தில் இருக்கும் காய்ந்த ஃபோம் பத்துக் கிலோ. அதில் பாதி ஊறிவிட்டால் 150 கிலோ தண்ணீர். இரண்டு மூன்று ஆட்களைக் கூலியில்லாமல் தினமும் கடலுக்கு ஏற்றிப் போகிறீர்கள். சரி, எடை மட்டும் என்றால் பரவாயில்லை. ஊறிய இடத்தில் மிதப்பும் போய்விட்டது. எது காப்பாற்றும் என்று நம்பினீர்களோ அது அங்கே இல்லை.

தண்ணீர் எப்படிப் போகிறது? ஃபோமின் குமிழ்கள் மூடியவை என்பார்கள். எல்லாம் மூடியிருப்பதில்லை, மூடியிருப்பதன் சுவரும் மெல்லியது. அலையில் அடி வாங்கி, மணலில் இழுபட்டு, வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால் உடையும். வழி திறந்துவிடுவது பெரும்பாலும் நாம்தான். தளத்தில் ஒரு கொக்கி மாட்ட ஸ்க்ரூ போடுகிறோம், துளைக்குப் பூச்சு வைப்பதில்லை. இன்ஜின் உட்கார்ந்திருக்கும் கட்டைக்குப் பக்கத்தில் விரிசல் விடுகிறது. தளமும் பக்கச் சுவரும் சேரும் மூட்டு பிளக்கிறது. கடல்நீர் மட்டுமல்ல, கரையில் கிடக்கும்போது பெய்கிற மழையும் இறங்கும். உள்ளே மரக்கட்டை வைத்த படகுக்கு மழைத்தண்ணீர்தான் மோசம். உப்புத்தண்ணீரைவிட அதில்தான் மரம் சீக்கிரம் உளுக்கும்.

சந்தேகம் வந்தால் எடைமேடைக்கு ஏற்றிப் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், பின்பக்கம், தளம் தாழ்ந்திருக்கும் இடத்தில் தளத்தை மட்டும் துளையுங்கள். ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் துளைக்கக் கூடாது; இல்லையென்றால் அடியையும் துளைத்துவிடுவீர்கள். ஒரு குழாயைச் செருகித் திருகி ஃபோமை எடுங்கள். அடிவரை எடுக்க வேண்டும். மேலே இருப்பது வெளிர் மஞ்சளாக, நொறுங்குகிற மாதிரி, கையில் எடையே தெரியாமல் வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அடியில் வருவது பழுப்பு. பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழியும், தேங்கிய சாக்கடை வாடை அடிக்கும். ஒரு டீ கிளாஸ் அளவு காய்ந்த ஃபோம் நான்கைந்து கிராம்கூட வராது. நீங்கள் எடுத்தது ஐம்பது கிராம் இருந்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம்.

காய வைக்க முடியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். தளத்தில் வரிசையாகத் துளை போட்டு ஒரு கோடை முழுக்கக் கவிழ்த்துப் போடுகிறவர்கள் உண்டு. தளதளவென்று கொஞ்சம் வடியும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். வடிந்தது இடுக்கில் நின்ற தண்ணீர். குமிழுக்குள் போனது வராது. மூடிய பாட்டிலை வெயிலில் காயப்போட்ட கதைதான். என் அபிப்பிராயம், அந்தக் கோடையை வீணாக்காமல் தளத்தை அறுத்துவிடுங்கள்.

ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு அறுக்க வேண்டும். திரும்ப மூடும்போது பலகை உட்கார அந்த ஓரம் வேண்டும். ஃபோமை மண்வெட்டியாலும் கை ரம்பத்தாலும் வெட்டி எடுக்கலாம். அடியோடு ஒட்டியிருப்பதைக் கடப்பாரையால் குத்தாதீர்கள். பிறகு படகைக் கூரை போட்டு நன்றாகக் காயவிடுங்கள், இதில் அவசரம் கூடாது. ஃபோம் ஊற்றும் ரசாயனம் ஈரத்தைக் கண்டால் வாயு விட்டுக் கெட்டுப்போகும்.

திரும்ப எதை வைப்பது? இங்கேதான் நம் ஆட்கள் பலர் தப்பாகப் போகிறார்கள். ஒன்றும் வைக்காமல் மூடிவிடுகிறார்கள். படகு லேசாகிவிடும், இன்ஜின் இழுக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். அடியில் ஒரு விரிசல் விட்டால் அந்தக் காலி அறை முழுக்கத் தண்ணீர். ஊறிய ஃபோமைவிட இது ஆபத்து.

தெர்மோகோல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபைபர் வேலைக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசின் பட்டால் அது கரையும், பெட்ரோல் பட்டாலும் கரையும். கெட்டியான பாலித்தீனில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஊற்றும் ஃபோம் என்றால் இரண்டு திரவங்களைக் கலந்ததும் 25, 30 மடங்கு பொங்கும், சூடாகும். ஒரேயடியாக ஊற்றினால் நடுவில் கருகும், தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. கொஞ்சம் ஊற்றி, ஆறவிட்டு, அடுத்தது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, ரசாயனப் புகைக்கான மாஸ்க் வேண்டும். ரெசின் வேலையில் இன்னொன்று: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்ற இரண்டு திரவங்களையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

எதை வைத்தாலும், எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். அடியில் மட்டும் அடைத்தால், தண்ணீர் நிறைந்த படகு குப்புறக் கவிழப் பார்க்கும். இரு பக்கச் சுவரை ஒட்டி, விளிம்புக்குக் கீழே உயரமாக வைத்தால் நேராக மிதக்கும். ஆட்கள் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். அடியில் ஏராவை, அதாவது படகின் நடு முதுகெலும்பை ஒட்டி ஒரு வாய்க்கால் விட்டு, தண்ணீர் வடிக்கும் பின்பக்கத் தக்கை வரை தண்ணீர் ஓட வழி வையுங்கள். தளத்தில் திருகு மூடி போட்ட ஒரு துவாரம் வைத்துவிட்டால், மழைக்காலம் முடிந்ததும் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்துப் போட்ட பழைய ஃபோமைக் கரையில் குவித்துக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். பக்கத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மூட்டை கட்டி, குப்பை எடுக்கும் உள்ளாட்சி வண்டியில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் வடிய இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தால் தூக்குகிறவர்களுக்கும் சுலபம்.

நன்றி, வணக்கம்.