எவ்வளவு ரத்தம்?

(காட்சித் தொடர்பியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்ததும், வீடியோ கேம்களால் பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றித்தான் இந்த ஆள் பேசப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பேச்சை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள், என் பங்குக்கு நானும் எதற்கு? நான் பேச வந்தது ரசனையைப் பற்றி. கேமில் எனக்கு எந்த ரத்தம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன்.

ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவன் நான். அதே நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ‘டூம்’ கேமில் நரகத்துப் பிசாசுகளைச் செயின்சாவால் பிளந்துவிட்டு, கை கழுவி நிம்மதியாகச் சாப்பிட உட்காருவேன். வேறு சில கேம்களில் ஒரே ஒரு கழுத்தறுப்புக் காட்சி வந்தால் போதும், அன்றைக்கு அதோடு சரி. ரத்தத்தின் அளவுதான் பிரச்சினை என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆனால் அளவையும் நிறத்தையும் வைத்துத்தான் ஊர் உலகம் இதுநாள்வரை சண்டை போட்டிருக்கிறது. அதில் பெரிய சண்டை ‘மோர்ட்டல் கொம்பாட்’. எட் பூன், ஜான் டோபையாஸ் என்ற இருவர் முன்னின்று மிட்வே நிறுவனத்துக்காக உருவாக்கிய கேம். நிஜ நடிகர்களைப் படம்பிடித்துத் திரையில் சண்டைபோட விட்டார்கள். தோற்றவனை முடித்துக்கட்ட ‘ஃபேட்டாலிட்டி’ என்று ஒரு கடைசி அடி உண்டு. சப்-ஸீரோ என்பவன் எதிராளியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கிவிடுவான். 1993 செப்டம்பர் 13 அன்று இது அமெரிக்காவில், டிவியோடு இணைத்து ஆடுகிற வீட்டு கன்சோல்களுக்கு வந்தது. நின்டெண்டோ, தன் கன்சோலில் ரத்தம் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் அந்தப் பதிப்பில் குத்து விழுந்தால் முகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் வியர்வை தெறிக்கும். சப்-ஸீரோவும் முதுகெலும்பை விட்டுவிட்டு, ஆளை உறையவைத்து உடைப்பான். போட்டி நிறுவனமான சேகா கொஞ்சம் சாமர்த்தியம். மேலுக்குப் பார்த்தால் அதிலும் ரத்தம் இல்லை. ஆனால் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று வரிசையாக பட்டனை அழுத்தினால் ரத்தம் திறந்துகொள்ளும். பெருக்கல் வாய்ப்பாடு மனதில் நிற்காத பையன்களுக்கெல்லாம் இந்த ஏழு எழுத்து நின்றது. நின்டெண்டோவின் கன்சோலில் படம் இன்னும் தெளிவு என்று பலரும் சொன்னார்கள், ஆனாலும் அதிகம் விற்றது சேகா பதிப்புதான்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜோ லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரண்டு செனட்டர்கள் விசாரணை நடத்தினார்கள். அங்கே நின்டெண்டோவும் சேகாவும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்த கதை தனி. சேகாவில் வந்து சர்ச்சையான ‘நைட் டிராப்’ மாதிரி ஒரு கேம் எங்கள் கன்சோலில் ஒருநாளும் வராது என்று நின்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன் சொன்னார். 2018-ல் வந்துவிட்டது. விசாரணையின் பலனாக 1994-ல் எந்த கேம் எந்த வயதுக்கு என்று முத்திரை குத்துகிற இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு உருவானது. அதே ஆண்டு கன்சோல்களுக்கு வந்த மோர்ட்டல் கொம்பாட் இரண்டாம் பாகத்தில், நின்டெண்டோ பதிப்பிலும் ரத்தம் சிவப்பாகவே ஓடியது.

இந்த மாற்றிக்காட்டும் வேலையில் வேடிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்ற நாஜிக்களைச் சுடும் கேம் சூப்பர் நின்டெண்டோவுக்குப் போனபோது ரத்தம் வியர்வையானது, காவல் நாய்கள் ராட்சச எலிகளாயின. நாயைச் சுட்டால் பாவம், எலியைச் சுட்டால் ஒன்றுமில்லை! 1998-ல் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற இன்னொரு சுடும் கேம் ஜெர்மனிக்குப் போனபோது எதிரிச் சிப்பாய்கள் ரோபோட்டுகளாக மாறினார்கள். அதிலுள்ள விஞ்ஞானிகளை நீங்கள் சுட்டால் சாக மாட்டார்கள், தரையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் அதிகமாக உறுத்துகிறது. சுட்டவனைப் பார்த்து ஒரு மனிதர் உட்கார்ந்து தலையாட்டுகிறார், ‘ஏம்பா இப்படிப் பண்ணினே’ என்று கேட்கிற மாதிரி.

நம் ஊருக்கு வருவோம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானது உங்களுக்கு நினைவிருக்கும். பலருக்கு அது குடும்பத் துக்கம். அடுத்த ஆண்டு ஜூலையில் அதுவே பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தபோது, குண்டு பட்டால் தெறிப்பது பச்சை நிறமாக இருந்தது. இங்கே எத்தனை பேருக்கு அந்தப் பச்சை தொந்தரவாக இருந்தது? கை தூக்குங்கள். பாருங்கள், நாலைந்து பேர்தான். மற்றவர்கள் ஏன் கவலைப்படவில்லை?

ஏனென்றால் அந்த இடத்தில் ரத்தத்தின் வேலை செய்தி சொல்வது. தூரத்தில் மரத்துக்குப் பின்னால் ஒருவன் தெரிகிறான், சுடுகிறீர்கள். தூசி பறந்தால் குண்டு சுவரில் பட்டது, நிறம் தெறித்தால் ஆள்மேல் பட்டது. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அது பச்சையா சிவப்பா என்று யார் பார்க்கிறார்கள்? செத்தவனின் உடல்கூட அங்கே கிடப்பதில்லை, ஒரு பெட்டி இருக்கும். ஓடிப்போய் அதில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதிக்கு ‘ஹாஃப்-லைஃப் 2’ கேமை எடுத்து இரண்டு விதமாக மாற்றினார்கள். ஒன்றில் சுட்டால் ரத்தம் சிதறும். இன்னொன்றில் எதிரி அப்படியே காற்றில் மெல்ல மிதந்து மேலே போய்விடுவான். சண்டை, ஓட்டம், கஷ்டம் எல்லாம் ஒன்றுதான். ஆடியவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் ரத்தத்தால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. என்னால் இது முடிகிறது என்ற திறமை உணர்வும், என் இஷ்டப்படி செய்கிறேன் என்ற சுதந்திர உணர்வும்தான் மகிழ்ச்சியைத் தீர்மானித்தன. முன்கோபக்காரர்கள் ரத்தமுள்ள கேமைத்தான் தேடிப்போகிறார்கள், ஆனால் ஆடும்போது அவர்களுக்கும் அதனால் கூடுதல் இன்பம் கிடைத்ததாகத் தெரியவில்லை. ரத்தம் இருந்தால்தான் விற்கும் என்று சொல்கிற தயாரிப்பாளர் யாரையாவது நாளைக்கு நீங்கள் சந்திக்க நேர்ந்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அப்படியானால் ரத்தமே வேண்டாமா? அங்கேதான் நான் அந்த ஆய்வை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ரத்தமே கேமின் இலக்கணமாக இருக்கும் இடங்கள் உண்டு. 2008-ல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ அப்படி. ஐசக் கிளார்க் என்ற விண்வெளிப் பொறியாளர், கையில் இருப்பது சுரங்க வேலைக்கான வெட்டும் கருவி. பிணங்கள் உருமாறி வருகின்றன. மற்ற கேம்களில் பழகிய கையோடு தலையைச் சுட்டால் அவை நிற்காது, தலை இல்லாமலேயே வரும். கை கால்களை வெட்ட வேண்டும். அந்தக் கருவியின் வெட்டுக்கோட்டை ஒரு பட்டனில் படுக்கையாகவும் நிமிர்த்தியும் திருப்பலாம். கால்களுக்குப் படுக்கைக்கோடு, பக்கவாட்டில் நீட்டி வருகிற கைகளுக்கு நிமிர்ந்த கோடு. இருட்டுத் தாழ்வாரத்தில் ஒன்று ஓடிவரும்போது, பயத்தோடு பயமாக நீங்கள் கோணம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அங்கே வெட்டை எடுத்துவிட்டால் கேமே இல்லை. 2016-ல் வந்த டூமும் அப்படித்தான். அடிபட்டுத் தள்ளாடுகிற பிசாசை நெருங்கி வெறுங்கையால் முடித்தால் உங்கள் உயிர்ச்சக்தி கூடும். ஆகவே சாகிற நிலையில் நீங்கள் ஒளிவதில்லை, முன்னால் பாய்கிறீர்கள். பிளப்பதெல்லாம் ஓரிரு நொடிதான், அடுத்தவன் தயாராக நிற்பான்.

இன்னொரு வகை சிரிக்கவைக்கிற ரத்தம். இதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த பிறகு பேய்கள் கூழ் சமைக்கிற பகுதியைப் பள்ளியில் வேண்டுமென்றே தாண்டிப்போயிருப்பார்கள், நீங்களாகவே எடுத்துப் படியுங்கள். யானைத் தந்தத்தால் பல் விளக்கு, யானை விலா எலும்பால் நாக்கு வழி என்று ஆரம்பிக்கும். பிணக்களம் முழுவதும் ஒரு பெரிய சமையற்கட்டாகிவிடும். ஜெயங்கொண்டார் நம்மை அருவருக்கவைக்க எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அளவுக்கு மீறிப்போனதும் கோரம் கூத்தாகிவிடுகிறது. முதல் மோர்ட்டல் கொம்பாட்டின் முதுகெலும்பு அந்த ரகம். பையன்கள் ஃபேட்டாலிட்டி பார்த்து அலறவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் நான் கன்ட்ரோலரைக் கீழே வைக்கிற இடம் எது? அதே மோர்ட்டல் கொம்பாட்டின் புதிய பாகங்கள். 2011-ல் வந்த பாகத்தில் எக்ஸ்ரே தாக்குதல் என்று ஒன்று சேர்த்தார்கள். அடி விழும்போது நேரம் மெதுவாகும், தோல் மறையும், உள்ளே எலும்பு நொறுங்குவது தெரியும். 2019-ல் வந்த பதினோராம் பாகத்தின் ஃபேட்டாலிட்டிகளில் கேமரா இன்னும் நெருங்கி, தசை வேறு எலும்பு வேறாகப் பிரிவதைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் ஆடவில்லை. சண்டை முடிந்துவிட்டது, பட்டன் அழுத்தியாயிற்று, இனி என் கைக்கு வேலை இல்லை. அவன் வலியைப் பார்க்க மட்டும் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய பாகத்தில் பொம்மை உடைந்தது, சிரித்தேன். இதில் முகம் நிஜமாக இருக்கிறது, கண் அசைகிறது. என் வரையில் விஷயம் லிட்டரில் இல்லை. கேமரா எவ்வளவு கிட்டே வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது என் கைக்கு வேலை இருக்கிறதா, இந்த மூன்றில்தான் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. 2020-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’. அதில் நீங்கள் ஒருவனைக் கொன்றால், அவன் கூட்டாளி வந்து பார்த்துவிட்டு அவன் பெயரைச் சொல்லி அலறுகிறான். காவல் நாய்களுக்கும் பெயர் உண்டு. நாயைச் சுட்டால் அதைக் கூட்டிவந்தவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கதறுவார். நாயை எலியாக மாற்றிய காலத்திலிருந்து எங்கே வந்திருக்கிறோம் பாருங்கள். இங்கே ரத்தம் மிக நிஜம், பார்க்கக் கஷ்டமாகவே இருக்கிறது. கஷ்டமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான் என்று நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் தடவை அதை ஆட என்னால் ஆகாது.

ரத்தமே இல்லாமலும் ஊரைக் கலக்கலாம், அது தெரியுமா? 1976-ல் எக்ஸிடி நிறுவனத்தின் ‘டெத் ரேஸ்’ என்ற, காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷின். கறுப்பு வெள்ளைத் திரை. காரை ஓட்டிக் குச்சி மனிதர்கள் மாதிரி இருக்கிற உருவங்களை இடிக்க வேண்டும். இடித்தால் ஒரு கீச்சுக்குரல், அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். ஒரு துளி ரத்தம் கிடையாது. அவை மனிதர்கள் அல்ல, கிரெம்லின்கள் என்ற குட்டிப் பிசாசுகள் என்று நிறுவனம் சொல்லிப்பார்த்தது, எதிர்ப்பு அடங்கவில்லை. அந்தக் கீச்சுக்குரல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கணிப்பு.

குழந்தைகள் விஷயத்தில் நான் அதிகம் பேசப்போவதில்லை. வயது முத்திரை இருக்கிறது, பெற்றோர் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவே. பதினெட்டு தாண்டியவர்களின் ரசனைக்குத்தான் இங்கே ஏற்பாடு போதவில்லை. உங்களில் சிலர் கேம் செய்யப் போகிறீர்கள், ஆகவே சொல்கிறேன். கேம் வடிவமைப்பாளர் டிம் ஷேஃபரின் ‘ப்ரூட்டல் லெஜண்ட்’ 2009-ல் வந்தது. ஹெவி மெட்டல் இசை உலகத்தில் நடக்கிற கதை. ஆரம்பத்திலேயே கதாநாயகன் கோடரியை ஓங்குகிற சமயத்தில் கேம் அப்படியே நின்று, கோரத்தைக் காட்டட்டுமா, குறைக்கட்டுமா என்று உங்களைக் கேட்கும். கெட்ட வார்த்தைக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிண்டல் இல்லை, தண்டனை இல்லை, கேம் தொடரும். 2020-ல் வந்த ‘கிரவுண்டட்’ கேமில் சிலந்திப் பயம் உள்ளவர்களுக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. நகர்த்த நகர்த்தச் சிலந்தியின் கால்கள் போய், கடைசியில் உருண்டை மட்டும் மிதந்து வரும். கடிப்பது என்னவோ அதே கடிதான்.

இந்த மாதிரி ஒரு ஸ்லைடர் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘ரத்தம் உண்டு, இல்லை’ என்ற ஒரே சுவிட்ச் போதாது. தெறிப்பது வேண்டும், நெருங்கிப் பார்ப்பது வேண்டாம் என்று என்னைப் போன்றவர்கள் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். கடைசி அடிக் காட்சியை ஒரு பட்டனில் தாண்ட முடிய வேண்டும். தாண்டினால் கோழை என்று பேட்ஜ் எதுவும் குத்தாதீர்கள். அந்த மெனுவை செட்டிங்ஸின் ஏழாவது அறையில் ஒளித்துவைக்காமல் முதல் திரையிலேயே வையுங்கள்.

பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். மோர்ட்டல் கொம்பாட் ரசிகர் என்று முகத்திலேயே தெரிகிறது. மைக்கை அவரிடம் கொடுங்கள், முதலில் அவர் திட்டட்டும்.