வேலியில போன ஓணானும் மாப்ள வேட்டியும்

போன ஞாயித்துக்கெழமை காங்கயம் பக்கத்துல எங்க ஊரு கல்யாண மண்டபத்துல விவசாயிங்க கூட்டத்துல பேசுனது. எழுதிக் குடுங்கன்னு நாலு பேரு கேட்டாங்க, பேசுன மாதிரியே எழுதியிருக்கேன்.

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. தலைமை தாங்கற அய்யா அவர்களுக்கும், காலைல ஒரு எழவுக்குப் போயிட்டு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்திருக்கற முன்னாள் ஊராட்சித் தலைவர் அக்காவுக்கும், நடுராத்திரி மாடு கன்னு போட முடியாம கெடந்தாலும் மொத ரிங்குலயே ஃபோன எடுக்கற நம்ம கால்நடை டாக்டரம்மாவுக்கும், ஹெட்மாஸ்டர் அய்யாவுக்கும், கோயில் தர்மகர்த்தா அப்புச்சிக்கும் வணக்கம். அப்புச்சிக்கு தொண்ணூறு தாண்டிருச்சுங்க, இன்னும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கறாரு. மைக்செட் தம்பிக்கும் வணக்கம், தம்பி சவுண்ட கொஞ்சம் கொறைங்க, கொய்யுனு கத்துது. சமையக்கட்டுல பருப்புக்குத் தாளிக்கற சத்தம் கேக்குது, அதனால சுருக்கமாப் பேசறேன், நம்புங்க.

தலைப்பு என்னன்னா, நாம காட்டையும் மேட்டையும் அழிக்கறதுனால மிருகத்துக்கு இருக்கற சீக்கு நமக்கு எப்படி வருது. மனுசனுக்கு இருக்கற தொத்து நோயில நூத்துக்கு அறுபது மிருகத்துகிட்ட இருந்து வந்ததுதான்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. மூணு விசயம் பேசறதா இருக்கேன். ஒண்ணு வவ்வாலு, ரெண்டு கழுகு, மூணு கோழிக்கும் மாட்டுக்கும் நாம இஷ்டத்துக்குப் போடற ஆன்டிபயாட்டிக். அதுக்கு முன்னாடி ஒரு கதைங்க.

என்ற சம்சாரத்தோட தம்பி, பேரு வேண்டாம், இங்கதான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரு, பாருங்க இப்பவே தலையக் குனிஞ்சுட்டாரு. அவரு ஊருக்கு வெளிய ரெண்டு சைட்டு வாங்குனாரு. அது முன்ன ஒரு கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேய்க்க வேலி போட்டு விட்ட மேய்ச்சல் காடு. சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ள வெள்வேலா மரம், தரையில கொழுக்கட்டைப் புல்லு, நான் பையனா இருக்கறப்ப அங்க கவுதாரி கத்தறத கேட்டுட்டே பள்ளிக்கூடம் போயிருக்கேன். ப்ரோமோட்டர் வந்தாரு, ஜேசிபி விட்டு ரெண்டே நாள்ல வேலிய வழிச்சாரு, கல்லு நட்டாரு, ஒரு ஆர்ச் வெச்சு என்னமோ நகர்னு பேரு போட்டாரு. மூணு வருசமாச்சு, வீடு ஒண்ணுகூட வரல. பார்த்தீனியமும் சீமைக்கருவேலாவும் இடுப்பளவுக்கு மொளச்சிருக்கு, ஊரு குப்பையெல்லாம் அங்கதான் விழுகுது, குப்பைக்கு எலி, எலின்னா சாதாரண எலி இல்லீங்க, பூனை பாத்தாலே வழி விடற சைசு.

மாப்ள ஐப்பசி மாசத்துல சைட்ட சுத்தம் பண்றேன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அருவாளோட போனாரு. பொழுது வரைக்கும் வெட்டுனாரு, மத்தியானம் தூக்குப்போசியில கொண்டு போன பழைய சோத்தக் குடிச்சுட்டு அங்கயே பொதருக்குப் பக்கத்துல துண்ட விரிச்சு ஒரு தூக்கம் வேற போட்டாரு. பத்து நாள் கழிச்சு காய்ச்சல். தலைய ரெண்டா பொளக்கற மாதிரி வலி. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க இல்லைன்னாங்க, டைபாய்டுன்னாங்க அதும் இல்லைன்னாங்க, ட்ரிப்ஸ் மேல ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, அந்த பில்லுல நாலு செம்மறி வாங்கியிருக்கலாமுங்க. எங்க அத்தை மாரியாத்தா கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்க. காய்ச்சல் எறங்கவே இல்ல.

ஆறாவது நாள் வேற ஒரு வயசான டாக்டரு. ஸ்கேன் கீன் ஒண்ணும் கேக்கல, "வேட்டிய கொஞ்சம் தளர்த்துங்க"ன்னாரு. மாப்ள கூச்சத்துல ரெண்டு கையாலயும் வேட்டியப் புடிச்சுட்டாரு. அவரு சம்சாரம் பக்கத்துல நிக்குது, நான் நிக்கறேன், நர்ஸம்மா நிக்கறாங்க. ஒரு வழியா தளர்த்திப் பாத்தா அரணாக்கயிறுக்குக் கீழ சின்னதா ஒரு கருப்புப் பொருக்கு, சிகரெட்டால சுட்ட மாதிரி. டாக்டரும் அப்படியே "சிகரெட்டுல சுட்ட மாதிரி இருக்கா பாருங்க"ன்னாரா, அந்தப் புள்ள உடனே மாப்ளயப் பாத்து "விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனீங்களே"ன்னு ஒரே அழுகை. காய்ச்சல்ல கெடந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து நான் குடிக்கல குடிக்கலன்னு மன்றாடறாரு.

அது உண்ணிக் காய்ச்சலுங்க, ஸ்க்ரப் டைஃபஸ்னு சொல்றாங்க. எலி மேல ஒட்டிட்டு இருக்கற ஒரு பூச்சியோட குஞ்சு, கண்ணுக்கே தெரியாது, புல்லு நுனியில ஏறி காத்துட்டு இருக்கும், ஆளு போனா தொத்திக்கும், துணி இறுக்கிப் புடிக்கற எடமாப் பாத்துக் கடிக்கும். டாக்சிசைக்ளின்னு ஒரு சாதா மாத்திரை, ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிருச்சு. விட்டுருந்தா நுரையீரல், மூளை வரைக்கும் போயிருக்கும்னாரு டாக்டரு. வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு நாம சும்மா சொல்லுவோம், எங்க மாப்ள அத செஞ்சே காட்டிட்டாரு.

ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த வேலி இருந்த வரைக்கும் எலி இப்படிப் பெருகுச்சா? சாரைப்பாம்பு இருந்துச்சு, கீரி இருந்துச்சு, வெள்வேலா மரத்துல ஆந்தை இருந்துச்சு. அத்தனையும் ஒட்டுக்கா தொரத்திட்டு எலிக்கு மட்டும் சோறு போடறோம்.

சரி, வவ்வாலு. 1998ல மலேசியாவுல பன்னிப் பண்ணை வெச்சிருந்தவிங்க தொழுவத்துக்குப் பக்கத்துலயே மாமரமும் நட்டாங்க, ஒரே எடத்துல ரெண்டு வருமானம். பழந்தின்னி வவ்வாலு வந்து கடிச்சுப் போட்ட பழத்த பன்னி தின்னுச்சு, பன்னிகிட்ட இருந்து ஆளுங்களுக்கு வந்துச்சு. மொதல்ல கொசுவால வர்ற மூளைக்காய்ச்சல்னு நெனச்சு கொசு மருந்து அடிச்சாங்களாம்! நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க, பத்து லட்சம் பன்னியக் கொன்னாங்க. அந்த சுங்கை நிபாங்கற ஊரு பேருதான் நிபா வைரஸ். 2018ல வாளையாருக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, கோழிக்கோடு மலப்புரம் ரெண்டு ஜில்லாவுலயும் சேத்து 17 பேரு போனாங்க, நோயாளியப் பாத்துக்கிட்ட லினிங்கற நர்ஸம்மாவும் அதுல ஒருத்தர். இதக் கேட்டுட்டு வவ்வால அடிக்கக் கெளம்பிறாதீங்க. வவ்வாலு அதும்பாட்டுக்கு அது காட்டுல இருந்துச்சு. அது எடத்த வெட்டி அது வாய்க்குப் பக்கத்துல தொழுவத்தக் கட்டுனது யாரு? வேலியில போன ஓணான்தானுங்க. நம்ம ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டுல பறவைக்காக தீவாளிக்குப் பட்டாசே வெடிக்கறதில்ல, அந்த ஊரு ஜனங்க கால்ல விழுந்து கும்பிடலாம்.

ஷிமோகாவுல 1957ல காட்டுல கொரங்கு கொத்துக்கொத்தா செத்துச்சு, அப்பறம் ஜனங்களுக்கு வந்துச்சு, கொரங்குக் காய்ச்சல். அதும் உண்ணிதான். காட்ட வெட்டி மாடு மேய்க்க உள்ள போகப்போக உண்ணியும் பெருகுச்சு. அது பெரிய கதை, விட்டுர்றேன்.

கழுகுக்கு வர்றேன். அப்புச்சி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாடு செத்தா கொறங்காட்டு ஓரத்துல இழுத்துப் போட்டுட்டு வந்துருவோம், வானத்துல எங்கிருந்தோ பாறுக் கழுகு வட்டம் போடும், பொழுதோட போய்ப் பாத்தா எலும்புதான் இருக்கும். இப்ப ஒரு பாறு பாக்கோணும்னா சத்தியமங்கலம் தாண்டி மாயாத்துப் பக்கம் போகோணும். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு செத்து, அதத் தின்ன கழுகுக்கு கிட்னி போச்சு. நாடு முழுக்க நூத்துல தொண்ணூத்தஞ்சுக்கு மேல அழிஞ்சு போச்சு. 2006ல கால்நடைக்கு அந்த ஊசியத் தடை பண்ணுனாங்க. அதுக்குப் பதிலா மெலாக்சிகாம் இருக்குது, டாக்டரம்மா இங்கயே இருக்காங்க, கேட்டுக்கோங்க.

கழுகு போன எடத்துக்கு யாரு வந்தா? நாயி. செத்த மாடும் நாய்க்கு, பிஏபி, அதான் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் ஓரத்துல ராத்திரியில மூட்டை மூட்டையா கொட்டற கறிக்கடைக் கழிவும் நாய்க்கு. அந்த ருசி பழகுனதுதான் இன்னிக்கு வெள்ளகோவில்ல இருந்து காங்கயம் வரைக்கும் பட்டிக்குள்ள பூந்து ஆட்டக் கொதறுது. எங்க பட்டியிலயே ஒரு ராத்திரியில ஏழு செம்மறிங்க. காலைல போய்ப் பாத்தா ஒரு குட்டி மட்டும் செத்த தாய் மடியில பால் குடிக்கப் பாத்துட்டு நிக்குது. ஆட்டுக்கு நட்டஈடு கேக்கறோம், சரி, கேக்கோணும். ஆனா அதே நாயில ஒண்ணுக்கு வெறி புடிச்சு புள்ளைங்களக் கடிச்சா? உலகத்துல வெறிநாய்க்கடியில சாகறவிங்கள்ல மூணுல ஒருத்தரு நம்ம நாடு. கடிச்சா சோப்புப் போட்டு ஓடற தண்ணியில பாஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசிக்குப் போங்க, மொளகா வெக்கறது, சுண்ணாம்பு தடவறது எல்லாம் வேண்டாம். 1907ல இருந்து நம்ம குன்னூர்லயே இதுக்குன்னு பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்குது, அப்படியும் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போற கொடுமை இன்னும் நடக்குதுங்க.

தலைவர் அய்யா துண்டுச்சீட்டு அனுப்பிட்டாரு. ரெண்டே நிமிஷம். ஆன்டிபயாட்டிக் இன்னொரு நாளைக்கு.

நான் வந்ததே இதச் சொல்லத்தான். நம்ம ஊருல மிச்சம் இருக்கறது மூணு இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச மண்ணு வண்டித்தடம். ரோடு அகலப்படுத்தறோம்னு அதோட ரெண்டு பக்கத்துக் கிளுவை வேலியையும் வழிக்கறதுக்கு அளந்து சுண்ணாம்பு போட்டாச்சு. ரோடு வேண்டாங்கல. ஒரு பக்கத்து வேலியவாவது விடுங்க, எடுக்கற குச்சிய வெட்டி வேற எடத்துல நடுங்க, கிளுவை நட்டா தழைக்கும், அதுக்கென்ன தண்ணி ஊத்தோணுமா ஒரம் போடோணுமா. கொறங்காட்ட ரெக்கார்டுல தரிசுன்னு எழுதறத நிறுத்தி மேய்ச்சல் நெலம்னு எழுதுங்க, தரிசுன்னு எழுதறதுனாலதான் சைட்டுக்காரன் கண்ணு படுது. கலிஃபோர்னியாவுல வேலி ஓணான்னே பேரு வெச்ச ஒரு ஓணான் இருக்குதுங்க, அதோட ரத்தத்தக் குடிச்ச உண்ணிக்குள்ள இருக்கற, அது கடிச்சா மனுசனுக்கு வர்ற லைம்ங்கற நோயோட கிருமி செத்துப் போகுதுன்னு அங்க கண்டுபுடிச்சிருக்காங்க. நம்மூரு ஓணான் வேற ஜாதி, அதையும் இதையும் கொழப்பிக்காதீங்க. ஆனா வேலின்னு ஒண்ணு இருந்தாத்தான ஓணான் வேலியில போகும், வேலியவே எடுத்துட்டா அது எங்க போகும், வேட்டிக்குத்தான் வரும்!

அக்டோபர் 2 கிராம சபையில இதத் தீர்மானமா வெக்கப் போறோம். கையெழுத்து நோட்டு வாசல்ல செருப்பு விடற எடத்துக்குப் பக்கத்துல பெஞ்சு மேல இருக்குது. சாப்பிட்டுட்டுப் போறப்ப போட்டுட்டுப் போங்க, கைய நல்லா தொடச்சுட்டுப் போடுங்க, போன தடவ பாதி பக்கம் ரசமுங்க. பேனாவ நூல்ல கட்டித்தான் வெச்சிருக்கேன்.