கராத்தே வகுப்பில் நேரம் எதற்குச் செல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளைகளில் கராத்தே வகுப்பு முடியும்வரை வாசலில் காத்து நிற்கும் பெற்றோர் எங்களைப் போன்ற பயிற்றுநர்களிடம் அடிக்கடி கேட்பது, "பிள்ளைக்கு எப்போது சண்டை பழக்குவீர்கள்?" என்பதாகும். இதற்கு விடை, வகுப்பு நடைபெறும் முறையிலேயே இருக்கிறது.

வெள்ளைச் சீருடை அணிந்த மாணவர்கள் பட்டியின் தரப்படி வரிசையில் முழந்தாளிட்டு அமர்ந்து, சிறிது நேரம் கண்களை மூடி அமைதியாக இருந்தபின், ஆசிரியருக்குத் தலைவணங்குவார்கள். உடலைச் சூடாக்கும் பயிற்சிகள் முடிந்ததும் கிஹொன் எனப்படும் அடிப்படைப் பயிற்சி ஆரம்பமாகும்.

தொடக்கநிலை வகுப்பின் பெரும்பகுதி இதற்கே செல்கிறது, செல்லவும் வேண்டும். இச்சி, நி, சான் என்று ஆசிரியர் எண்ண எண்ண, மாணவர்கள் ஒரே குத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காணும் பெற்றோருக்குச் சலிப்புத் தட்டலாம். ஆனால், அந்தக் குத்தின் விசை தரையை அழுத்தும் பின்காலில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தால் பெருகி, தோள் வழியாகக் கடைசியிலேயே முஷ்டியை அடைகிறது. அதே கணத்தில் மற்றக் கை இடுப்பை நோக்கி இழுபட வேண்டும். தோளை இறுக்கிப் பிடிக்கும் பிள்ளையின் குத்து பாதிவழியிலேயே வலுவிழந்துவிடும். அந்த இறுக்கத்தைப் போக்குவதற்கே மாதங்கள் செல்வதுண்டு.

அடுத்தது கத்தா, அதாவது தடுப்புகளும் தாக்குதல்களும் குறித்த ஒழுங்கில் அமைந்த அசைவுத் தொடர். ஷோட்டோகான் பிரிவில் தொடக்க மாணவர் பயிலும் ஹெய்யான் ஷோடான் 21 அசைவுகளைக் கொண்டது. இடப்புறம் திரும்பிக் கீழ்நோக்கித் தடுப்பதே அதன் முதல் அசைவு, குத்து அதன் பின்னரே வருகிறது. இந்தக் கத்தா வரிசையின் மூலவடிவத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இதோசு அன்கோ பாடசாலை மாணவர்களுக்காக அமைத்தார். அவரிடம் பயின்ற புனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, அங்கே பரப்பினார். கொழும்புப் பாடசாலை மண்டபமொன்றில் பிள்ளைகள் இந்தக் கத்தாவைப் பழகுவது, அது உருவான நோக்கத்தோடு முற்றிலும் ஒத்துப்போகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பெற்றோர் கேட்கும் சண்டை, அதாவது குமித்தே, இவற்றின் பின்னரே வருகிறது. தொடக்கத்தில், தாக்குபவர் முகத்துக்கா வயிற்றுக்கா என்று முன்னரே அறிவித்துவிட்டு முன்னேறுவார். எதிரில் நிற்பவர் பின்வாங்கித் தடுத்து, இறுதியில் மட்டும் பதிலடி கொடுப்பார். முழு வேகத்தில் புறப்பட்ட முஷ்டியை எதிராளியின் உடலைத் தொடுமுன் நிறுத்துவது இங்கேதான் கைவருகிறது. குத்துவதிலும் அதுவே கடினமானது. இவ்வாறு நிறுத்தத் தெரியாத பிள்ளைகளைக் கட்டற்ற சண்டைக்கு விடும் வகுப்பைக் கண்டால், மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பாக, அதற்கான காரணத்தை ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.