கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்

வணக்கம் நேயர்களே. துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, சரி, பேசிவிடலாம் என்று உடனே ஒப்புக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் சரக்கு அனுப்புகிற தொழிலில் இருந்தவன், கப்பல் ஏஜென்ட், சுங்கம், லாரி ஆபீஸ் என்று அலைந்து செருப்புத் தேய்ந்தவன், எனக்குப் பேசவா பஞ்சம்? எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. துறைமுகம் என்றதும் எல்லோர் கண்ணும் கடல் பக்கம்தான் போகிறது. மலை மாதிரி ஒரு கப்பல், கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற கிரேன்கள், பத்திரிகையில் எப்போதும் அதே படம். என்னைக் கேட்டால், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கேட்டைப் பாருங்கள் என்பேன். லாரிகள் உள்ளே வந்து வெளியே போகிற அந்த கேட். ஒரு துறைமுகம் தன்னைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் அண்டை நாடுகளுக்கும் எவ்வளவு உதவுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்ப்போம். உலக வணிகத்தில், சரக்கின் அளவை வைத்துப் பார்த்தால், 80 சதவீதத்துக்கும் மேல் கடல் வழியாகத்தான் போகிறது. இன்றைக்கு ஓடுகிற மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டிக்கு மேல் ஏற்றும். ஒரு பெட்டி 6 மீட்டரும் கொஞ்சமும் என்று வைத்து, அத்தனையையும் தரையில் வரிசையாக வைத்தால் 146 கிலோமீட்டருக்கு நீளும். நல்லவேளை, ஒரு கப்பல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இறக்குவதில்லை, போகிற வழியெல்லாம் பிரித்து இறக்குகிறது. ஓரிடத்தில் நாலாயிரம் பெட்டி இறங்குகிறது என்று வையுங்கள். ஐந்து கிரேன் ஒரே சமயத்தில் ஓடினால் ஒன்றரை நாளில் வேலை முடிந்துவிடும், கப்பலும் கிளம்பிவிடும். அப்புறம்? அந்த நாலாயிரமும் லாரியில் ஒன்றும் இரண்டுமாகத்தான் வெளியே போக வேண்டும், ரயில் இருந்தால் ஒரு தடவைக்கு நூறு சொச்சம். கடல் பக்கம் மதகைத் திறந்த மாதிரி கொட்டுகிறது, தரைப் பக்கம் சொட்டுச் சொட்டாக வடிகிறது. இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் நின்று சமாளிப்பதுதான் துறைமுகத்தின் பிழைப்பே. பெர்த், அதாவது கப்பல் வந்து நிற்கிற இடம், எவ்வளவு ஆழம், கிரேன் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் முக்கியம்தான், மறுக்கவில்லை, ஆழம் இல்லாத இடத்துக்குப் பெரிய கப்பல் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் ஆழத்தைத் தோண்டிக்கொள்ளலாம், கிரேனைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பின்னால் இருக்கிற சாலையும் ரயிலும் கிடங்கும் காகித வேலையும் அப்படி ஒரே வருடத்தில் அமைந்துவிடாது.

கன்டெய்னர் தொழிலைத் தொடங்கி வைத்தவரே கப்பல்காரர் இல்லை, லாரிக்காரர். மால்கம் மெக்லீன் என்று பெயர், அமெரிக்காவில் பெரிய லாரி கம்பெனி நடத்தியவர். சாலை நெரிசலில் சிக்கிக் கிடப்பதற்குப் பதில் லாரியின் பெட்டியை மட்டும் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1956 ஏப்ரல் 26 அன்று நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அதற்கு முன்னால் எப்படி என்றால், மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தோளிலும் வலையிலும் ஏற்றி இறக்கியாக வேண்டும், கப்பல் வாரக்கணக்கில் கரையிலேயே கிடக்கும். தொழிற்சாலையில் பூட்டி சீல் வைத்த பெட்டி, வாங்குகிறவர் கிடங்கு வாசலில்தான் திறக்கப்படும் என்று ஆனபோது எல்லாம் தலைகீழாக மாறியது. எல்லோருக்கும் அது நல்லதாக முடியவில்லை. லண்டனில் நகரத்தை ஒட்டியிருந்த பழைய கப்பல்துறைகள் 1967 முதல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, 1981இல் கடைசியாக மிச்சமிருந்த ராயல் கப்பல்துறைகளும் போயின. தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கிய குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போனது. பெட்டிகளை அடுக்க இடமும், லாரி வந்து திரும்ப இடமும் இருந்த, இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகம் மாதிரியான இடங்கள் வளர்ந்தன. அங்கேயும் பாருங்கள், முடிவு செய்தது கரைப் பக்கம்தான்.

சரக்கு வந்து போகிற துறைமுகங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தனக்குப் பின்னால் இருக்கிற ஊருக்கும் ஆலைக்கும் சரக்கு கொண்டுவருவது. இன்னொன்று பஸ் ஸ்டாண்டு மாதிரி. வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கி, டவுன் பஸ் மாறிப் போகிற பயணி இருக்கிறாரே, அவர் அந்த ஊருக்குள் கால் வைப்பதே இல்லை. மதர் வெசல் என்கிற பெரிய கப்பலில் வருகிற பெட்டி, துறைமுகத்துக்குள் பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டில் இறங்கி, ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் ஏறி, பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்விடும். டிரான்ஷிப்மென்ட் என்போம். சிங்கப்பூரும் கொழும்பும் பெரும்பாலும் இதில்தான் பிழைக்கின்றன. பெரிய கப்பலுக்கு எல்லாச் சின்னத் துறைமுகத்திலும் நிற்கக் கட்டுப்படியாகாது என்பதால் சுற்றியிருக்கிற நாடுகளுக்கெல்லாம் இது உபகாரம்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டு பயணிக்கு அந்த ஊர்மேல் என்ன பாசம் இருக்கப்போகிறது? 2000ஆம் ஆண்டில் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் தன் டிரான்ஷிப்மென்ட் வேலையைச் சிங்கப்பூரிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே மலேசியாவில் புதிதாகத் திறந்திருந்த தஞ்சோங் பெலபாஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. 2002இல் எவர்கிரீன் என்ற இன்னொரு கப்பல் நிறுவனமும் பின்னாலேயே போனது. சிங்கப்பூர் சுதாரித்துக்கொண்டு மறுபடி மேலே வந்துவிட்டது என்பது வேறு கதை. பின்னால் ஆலையும் ஊரும் இருக்கிற துறைமுகத்திலிருந்து சரக்கு இப்படி ஒரே இரவில் ஓடிப்போகாது. அதனால்தான் எனக்கு இரண்டாம் சாதியைவிட முதல் சாதி மேல் மதிப்பு அதிகம், தொழிலில் இருக்கிற நண்பர்கள் சிலர் இதற்காக என்னோடு சண்டை போடுவார்கள்.

இப்போது கடலே இல்லாத நாடுகளுக்கு வருவோம். ஐ.நா. கணக்கில், வளர்ந்துவரும் நாடுகளில் மட்டும் 32 நாடுகளுக்குக் கடற்கரை கிடையாது. அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் துறைமுகம்தான் வாசல். எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள், பத்துக் கோடியைத் தாண்டிய மக்கள்தொகை. 1993இல் எரித்ரியா தனி நாடானதும் கடற்கரை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் சில வருடம் எரித்ரியாவின் அசாப் துறைமுகத்தையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1998இல் இரண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டது, அசாப் கதவு மூடிக்கொண்டது. ஒரு பெரிய நாட்டின் வெளிவணிகம் மொத்தமும் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டின் பக்கம் திரும்பியது, இன்றைக்கும் எத்தியோப்பியாவின் கடல்வழிச் சரக்கில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே வழியாகத்தான் போகிறது. அசாப் என்ன ஆனது தெரியுமா? கப்பல்துறை அங்கேயேதான் இருந்தது, கடலின் ஆழமும் குறையவில்லை, பின்னால் இருந்த வாடிக்கையாளர் போனதும் ஊரே தூங்கிப்போனது.

ஜிபூட்டி மட்டும் என்ன, சும்மா இருந்தா வாரிக்கொண்டது? அங்கேயும் முதலில் லாரிதான், மேடும் பள்ளமுமாக நீண்ட பாதை. அப்புறம் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை போட்டு, 2016 அக்டோபரில் திறந்தார்கள். எத்தியோப்பியாவுக்குள்ளேயே மோஜோ என்ற ஊரில் உலர் துறைமுகம் இருக்கிறது. உலர் துறைமுகம் என்றால் தண்ணீர் இல்லாத துறைமுகம், சிரிக்காதீர்கள், பெயரே அதுதான். கடலோரத்தில் நடக்க வேண்டிய சுங்கச் சோதனை, பெட்டி அடுக்குதல், ஒப்படைப்பு எல்லாவற்றையும் உள்நாட்டுக்குள் கொண்டுபோய்ச் செய்கிறார்கள். கரையில் இருக்கிற யார்டில் பெட்டி தேங்காது, வாங்குகிறவரும் அடுத்த நாடு வரை ஓட வேண்டாம். கென்யாவின் மொம்பாசா துறைமுகமும் இதே மாதிரிதான் உகாண்டா, ருவாண்டா, தெற்கு சூடான் வரைக்கும் வாசலாக இருக்கிறது. மொம்பாசாவில் கப்பலை ஒரு மணி நேரம் சீக்கிரம் திருப்பி அனுப்புவதால் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருக்கிற கடைக்காரருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, எல்லைச் சாவடியில் லாரி ஒரு நாள் குறைவாக நின்றால் அவருக்கு அது பெரிய விஷயம்.

எல்லைச் சாவடி என்றதும் என் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓர் ஆலையில் முக்கியமான இயந்திரம் நின்றுபோய், அதற்கான உதிரிபாகம் ஒரு பெட்டியில் வந்துகொண்டிருந்தது. கப்பல் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது, அன்று ராத்திரியே பெட்டி இறங்கிவிட்டது, நான் காலையில் ஆலை முதலாளிக்குப் போன் போட்டு மார்தட்டிக்கொண்டேன். சுங்கத்தில் பார்த்தால், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டில் இருந்த சீல் எண்ணுக்கும் பெட்டியில் இருந்த சீல் எண்ணுக்கும் ஓர் இலக்கம் ஒத்துப்போகவில்லை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. கையெழுத்துப் பிழை என்று யாருக்குமே தெரிந்தது, திருத்திக் கடிதம் வர வேண்டுமே! ஏற்றிய இடத்தில் வார விடுமுறை, இங்கே இன்னொரு விடுமுறை, ஒன்பது நாள் பெட்டி யார்டில் வெயிலில் நின்றது. இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறியது. பெட்டியை வெளியே எடுத்த பிறகு, காலிப் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதம் என்று டிடென்ஷன். உள்ளே நின்றால் டெமரேஜ், வெளியே நின்றால் டிடென்ஷன், இந்த வித்தியாசம் மண்டையில் ஏறவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த பெட்டி, கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒன்பது நாள் நின்ற கதை இது. அந்த முதலாளி அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை, அதில் தப்பும் சொல்ல முடியாது.

நின்றுபோன சரக்கு காசை மட்டும் தின்னும் என்று நினைத்துவிடக் கூடாது. 2013இல் ரோசஸ் என்ற கப்பல் வெடிமருந்துக்கும் உரத்துக்கும் பயன்படுகிற அமோனியம் நைட்ரேட் 2,750 டன்னோடு லெபனான் தலைநகர் பெய்ரூட்டுக்கு வந்து, கட்டணத் தகராறிலும் பழுதிலும் அங்கேயே மாட்டிக்கொண்டது. சரக்கு உண்மையில் மொசாம்பிக் போக வேண்டியது. 2014இல் அதை இறக்கித் துறைமுகக் கிடங்கில் வைத்தார்கள், கடிதங்கள் மேசைக்கு மேசை போயின, யாரும் எடுத்துப் போகவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள், பாதி நகரம் நொறுங்கியது, பக்கத்திலேயே நின்ற நாட்டின் மிகப் பெரிய தானியக் குதிர்களும் உடைந்தன. இறக்குமதிக் கோதுமையை நம்பியிருந்த நாடு அது. துறைமுகத்தைக் கிடங்காக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்வோம், வாடகை அதிகம் என்பதற்காகச் சொல்கிற பேச்சு. அன்றைக்குப் பிறகு அதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

இன்னும் ஒன்று, காலிப் பெட்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு ஆதங்கம். ஒரு நாடு நிறைய வாங்கிக் கொஞ்சம் விற்கிறது என்றால் வந்த பெட்டிகள் காலியாகத்தான் திரும்ப வேண்டும், காலிக்கும் கிரேன் வேண்டும், இடம் வேண்டும், லாரி வேண்டும். 2021இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூறு கப்பலுக்கு மேல் காத்துக் கிடந்ததே, கப்பல் தரிக்க இடமில்லை என்று பலர் நினைத்தார்கள். உள்ளே நடந்ததைக் கேளுங்கள். ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்தே பொருள் வாங்கிக் குவித்ததால் உள்நாட்டுக் கிடங்குகள் நிரம்பிவிட்டன. கிடங்கில் இடமில்லாததால் பெட்டி ட்ரெய்லரிலேயே நின்றது. காலியான பெட்டியைத் திருப்பி வைக்க யார்டில் இடமில்லை, அதுவும் ட்ரெய்லரிலேயே நின்றது. ட்ரெய்லர் கிடைக்காததால் புதுப் பெட்டியை எடுக்க முடியவில்லை, எடுக்காததால் யார்டு காலியாகவில்லை, யார்டு காலியாகாததால் கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கடலில் தெரிந்த அந்த வரிசையின் வால் எங்கோ உள்நாட்டில் ஒரு கிடங்கு வாசலில் இருந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்து, பள்ளியிலிருந்து துறைமுகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், கப்பலை நன்றாகப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிற லாரியில் ஒரு டிரைவரிடம், அண்ணே, எப்ப வந்தீங்க என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காலையில்தான் வந்தேன், இப்போது கிளம்புகிறேன் என்கிறாரா, இல்லை, லாரிக்கு அடியில் தொட்டில் கட்டித் தூங்கி எழுந்து, முந்தாநாள் வந்தேன் தம்பி என்கிறாரா என்று கவனியுங்கள். நன்றி, வணக்கம்.