இலவச சிகிச்சைக்கு ஆகும் செலவு

(காட்சி: ஞாயிற்றுக்கிழமை காலை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடம். வேப்பமர நிழலில் வரிசையாக அமர்ந்திருக்கும் முதியவர்கள்.)

வணக்கம். கண்புரையால் பார்வை மங்கிப்போன ஒரு மூதாட்டியிடம், அறுவைச் சிகிச்சைக்கு ஒரு காசுகூட வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டால், மறுநாளே அவர் மதுரைக்குப் புறப்பட்டு வந்துவிடுவார் என்றுதான் நாம் எண்ணுவோம். பெரும்பாலும் அவர் வருவதில்லை. பேருந்துக்குப் பணம் வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021-இல்தான் வந்த வசதி. கண் தெரியாதவரைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் மகனோ மருமகளோ உடன் வர வேண்டும், வருபவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும், வீட்டிலுள்ள ஆடுகளை மேய்க்க ஆளிருக்காது. இத்தனையும் கணக்குப் பார்த்த பிறகு, "இருக்கிற வரைக்கும் இப்படியே கழிஞ்சிரட்டும்" என்று அவரே முடிவு சொல்லிவிடுவார். மருத்துவமனையின் கணக்கில் இலவசமாக இருப்பது அந்த வீட்டின் கணக்கில் ஒருபோதும் இலவசமாக இருப்பதில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான அறப்பணிகள் பலவும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன.

(காட்சி: மதுரை அண்ணா நகர். அரவிந்த் கண் மருத்துவமனையின் முகப்பு.)

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், அதற்கேற்ற கருவிகளைக் கொண்டு அறுவைச் சிகிச்சை பழகியவர் அவர். பணம் கட்டுபவர்களிடம் பெறும் வருவாயைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை அளிப்பது என்ற ஏற்பாடு இங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார்ப்படுத்திவிடுவதால், மருத்துவரின் நேரம் வீணாவதில்லை, செலவும் குறைகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி உலகெங்கும் நிறையப் பேசிவிட்டார்கள் என்பதால், நாம் இத்துடன் நிறுத்திக்கொண்டு, அதிகம் பேசப்படாத ஒன்றுக்கு வருவோம்.

சுற்றுவட்டார ஊர்களில் அரவிந்த் ஆண்டுக்கணக்கில் கண் முகாம்கள் நடத்திவந்தது. முகாம் நடந்த ஊர்களிலேயே நேரில் சென்று விசாரித்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணில் குறையிருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கே முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று அது காட்டியது. அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு, துணைக்கு ஆளின்மை ஆகியவையே வராதவர்கள் சொன்ன காரணங்கள். முகாமைப் பற்றித் தெரியாததால் வரவில்லை என்று நாமாக நினைத்துக்கொண்டு, இன்னும் நாலு சுவரொட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பணம் முழுவதும் வீண்தான்.

இப்படிப்பட்ட தடைகளைக் குறைக்கத்தான் முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் செல்லும் முறை உருவானது. அரிமா சங்கமோ உள்ளூர் வணிகர்களோ ஊர்ப் பெரியவர்களோ இடம், விளம்பரம், சாப்பாடு ஆகியவற்றைப் பொறுப்பேற்பார்கள். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். அறுவை தேவைப்படுபவர்களை அன்றே பேருந்தில் ஏற்றிச் சென்று, தங்கவைத்து, உணவளித்து, சிகிச்சை முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் தனித்தனியே துணை தேவையில்லை. கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவர் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டாரிடம் சொல்லும் நாலு வார்த்தைக்கு ஈடான விளம்பரத்தை எந்த நன்கொடையாளராலும் விலைக்கு வாங்க முடியாது.

நன்கொடையாளர்களிடம் ஒரு பழக்கத்தை நாம் பார்க்கிறோம். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் தர முன்வருகிறார்கள், ஏனெனில் அங்கே பெயர்க்கல் பதிக்க இடமிருக்கிறது. டீசலுக்கும் தக்காளிச் சாதத்துக்கும் கொடுத்தால் பெயர் எங்கே போடுவது?

(காட்சி: சிவகங்கைச் சாலை, வீரபாஞ்சான். ஆரோலேப் தொழிற்சாலை.)

அறுவையில் புரை படிந்த வில்லையை எடுத்ததும் கண்ணுக்குள் பொருத்த வேண்டியது செயற்கை விழிவில்லை. 1980-களில் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல். அதை வாங்க வழியில்லாத ஏழைகளுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்தது. அது உடைந்தால் மறுபடி இருட்டு. வெளிநாட்டு நன்கொடையாக வரும் வில்லைகளை மட்டும் நம்பியிருந்தால் எல்லோருக்கும் எட்டாது என்பதால், 1992-இல் அரவிந்தின் சார்பில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, வில்லையை மதுரையிலேயே ஏறக்குறைய 10 டாலருக்குச் செய்யத் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது.

(காட்சி: சித்திரைத் திருவிழா. சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்.)

தண்ணீர்ப் பந்தலை யாரும் தம் வீட்டுக் கூடத்தில் போட்டுவிட்டு, தாகமெடுத்தவர்கள் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அழகர் வரும் வழியில், மக்கள் நடக்கும் இடத்தில்தான் போடுவார்கள். 2004-ஆம் ஆண்டிலிருந்து தேனிப் பக்கத்துச் சிறு நகரங்களில் அரவிந்த் திறந்த கண் பரிசோதனை மையங்களும் அப்படித்தான். அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்து விவரங்களை இணையம் வழியாக அனுப்ப, மருத்துவமனையிலுள்ள மருத்துவர் நோயாளியோடு திரையில் பேசுகிறார். கண்ணாடி மாற்றினால் போதும் என்றால் அங்கேயே வேலை முடிந்துவிடும். ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

சிகிச்சைக்கான பணத்தைக் குடும்பங்களே சேர்த்துவைக்கும் வழியையும் மதுரைப் பக்கம் பார்க்கலாம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களில் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். தேனி மாவட்டம் கடமலைப் பகுதியில் அத்தகைய குழுக்களின் கூட்டமைப்பு, உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு தனக்கென ஒரு மருத்துவக் காப்பீட்டையே நடத்தியது. அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

(காட்சி: பரிசோதனை மையம். சீருடையில் ஓர் இளம்பெண்.)

இந்தப் பணியாளர்கள் யார்? பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். விடுதியில் தங்கி, உதவித்தொகையோடு இரண்டாண்டு பயிற்சி பெற்று, பார்வை அளப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவது வரை செய்கிறார்கள். அரவிந்த் பணியாளர்களில் பெரும் பகுதியினர் இவர்களே. படிப்பு நின்றுபோய் ஆலைக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கக்கூடிய ஒரு பெண், மாதச் சம்பளத்தோடு ஒரு தொழிலைக் கற்றுக்கொள்கிறாள். "அப்பத்தா, தாடைய இதுல வச்சு நேராப் பாருங்க" என்று அவள் சொல்லும்போது, கருவியைக் கண்டு மிரண்டிருந்த மூதாட்டி, தாடையை வைப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "நீ எந்த ஊருத்தா?" என்பதுதான்.