கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வேலைக்கு வந்த புதிதில் என் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருப்பேன். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு அம்மாவோ அப்பாவோ அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். பேச்சே இல்லை. சோப்புக் குமிழி ஊதுகிற புட்டியின் மூடியை இறுக்கித் திருகி அவன் கையில் கொடுப்பேன். அவனால் திறக்க முடியாது. என் முகத்தைப் பார்ப்பான். நான் எதுவும் சொல்லாமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஒரு நாள் புட்டியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "தா" என்றான். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் சொன்னான். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்டில் ஒரு வார்த்தைகூட வரவில்லையே மேடம், நிறுத்திவிடலாமா?" அவரை உள்ளே உட்காரவைத்து அந்தப் புட்டியை எடுத்தேன். பையன் "தா" என்றான். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "வீட்டில் அவன் கேட்கிறதுக்கு முன்னாலேயே எல்லாத்தையும் நான் திறந்து கொடுத்துடறேன்" என்றார். இரண்டு மாதத்தில் நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவரே கண்டுபிடித்துவிட்டார். நாற்காலி அன்றைக்கே உள்ளே வந்துவிட்டது.

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு என்று பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கிற எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு உதவி தேடுகிறவர்கள் முதலில் "எங்கே நல்ல சென்டர் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அங்கே போனதும் "நானும் உள்ளே இருக்கலாமா?" என்று கேளுங்கள் என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். முக்கால் மணி வகுப்பு இரண்டு என்றால் ஒன்றரை மணி. பாக்கி நேரமெல்லாம் குளிப்பதும் சாப்பிடுவதும் உடுத்துவதும் விளையாடுவதுமாக வீட்டில்தான் போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று பெற்றோருக்குச் சொல்லித்தராத சேவை எனக்குப் பாதிச் சேவைதான்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1969இல் அமெரிக்காவின் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் ஒரு திட்டம் தொடங்கியது. ஊர்கள் தள்ளித் தள்ளி இருந்ததால் எல்லாக் குழந்தைகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால் ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்கே போய், அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய சின்னப் பயிற்சிகளை அம்மா அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? குறைபாட்டுக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெயர் வர மாதக்கணக்கில் ஆகலாம். பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பது உங்களுக்கு இப்போதே தெரியும், பயிற்சி தொடங்க அது போதும். பேச்சு தாமதம் என்றால் முதலில் காது கேட்கும் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ஆட்டிசம் என்று ஊரே சொல்லும், சில சமயம் கடைசியில் கேட்பதில்தான் குறை இருந்திருக்கும். குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கைப்பேசியில் எடுத்த இரண்டு மூன்று வீடியோக்களைக் கொண்டுபோங்கள். வீட்டில் நடக்கிற எதையும் பிள்ளை அந்தப் பத்து நிமிடத்தில் செய்துகாட்டாது. அறிக்கைகளை எல்லாம் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

அரசு அலுவலகத்துக்கு உதவி கேட்டுப் போகக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவைச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் ஆரம்பத்திலேயே, முழுமையாகக் கிடைக்கச் செய்வதை அரசுகளின் கடமை என்கிறது அது. "குடும்பங்களுக்கும்" என்ற சொல் அதில் இருக்கிறது. சான்றிதழ், உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை என்று எதைக் கேட்டுப் போனாலும் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் எந்தக் கவுன்ட்டரிலும் கிடைக்காத தகவல் இன்னொரு பெற்றோரிடம் இருக்கும். எந்தப் பள்ளி வாசலில் முகம் சுளிக்கிறார்கள், எந்தப் பல் மருத்துவர் பொறுமையாகப் பார்ப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆகவே நீங்கள் போகிற இடத்தில் மருத்துவரைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், அங்கே வருகிற பழைய பெற்றோர் ஒருவரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 1998 வாக்கில் செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டால் ஆட்டிசம் குறைகிறது என்று செய்தி பரவியது. மறு ஆண்டே சோதித்தார்கள். மருந்து போட்டுக்கொண்ட குழந்தைகளும் மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். இதைச் சொன்ன பிறகும் பெற்றோர் பலர் அந்த மருந்தையே கேட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "முழுசாகக் குணமாக்குகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் அந்தப் படி இறங்கி வந்துவிடுங்கள். ஒழுங்கான இடத்தில் அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று கேட்டால், "தண்ணீர் வேண்டும் என்று கை காட்டிக் கேட்பான்" என்பது போல நீங்களே வீட்டில் சரிபார்க்கக்கூடிய பதில் வரும்.

நீங்கள் கேட்க மறக்கிற ஒன்று உண்டு. வாரத்தில் சில மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதுவும் ஒரு சேவைதான். ஓய்வெடுக்கலாம், தூங்கலாம். இல்லை, வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளையோடு சும்மா ஒரு நடை போய்விட்டு வரலாம். அந்த நாட்களில் கதவுக்கு வெளியே இருந்த நாற்காலியில் அந்தப் பிள்ளையும் உங்களோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், மடியில் வீட்டுப்பாட நோட்டோடு.

வணக்கம்.