ராத்திரி 11 மணிக்கு தொட்டிக்குள்ள டிக்னு ஒரு சத்தம்

வணக்கம் நேயர்களே. கடல் தண்ணித் தொட்டி வளர்க்கிறத பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா நான் மீனைப் பத்தி பேசப் போறதில்ல. மீன் நாம காசு குடுத்து பாத்துப் பாத்து வாங்குறது. நாம வாங்காமலே, கல்லு ஓட்டைக்குள்ள ஒளிஞ்சு, பவளத்துக்கு அடியில ஒட்டிக்கிட்டு, நம்ம பையிலயே வீடு வந்து சேருதுங்களே சில ஜீவன்கள், அதுங்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். இங்க சிங்கப்பூர்ல நாலறை வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு எங்களுது, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல 40 லிட்டர் தொட்டி. புதுசா 5 கிலோ லைவ் ராக் வாங்கிப் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், ராத்திரி 11 மணிக்கு பொண்ணு எழுந்து வந்து "அம்மா, தொட்டிக்குள்ள யாரோ தட்டுறாங்க"ங்கிறா. காத வச்சுக் கேட்டா நிஜமாவே டிக், டிக்னு சத்தம், நகத்தால கண்ணாடிய தட்டுற மாதிரி. மறுநாள் காலைல ஹெர்மிட் நண்டு ஒண்ணோட சங்கு உடைஞ்சு கெடக்கு, உள்ள நண்டு இல்ல. ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு.

லைவ் ராக் என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். செத்துப்போன பவளத்தோட கூடுதான் அது, சுண்ணாம்புக்கல்லு, உள்ள பூரா ஓட்டை. கல்லுக்கு உயிர் கிடையாது, அதுக்குள்ள குடியிருக்கிறதுங்களுக்குத்தான் உயிர். மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தி, அதை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா அந்த ஓட்டைகள்லதான் இருக்கு, அதுக்காகத்தான் நாம காசு குடுத்து அந்தக் கல்ல வாங்குறோம். கல்லு ஈரமா உயிரோட வந்தாத்தான் பாக்டீரியா உயிரோட வரும், பாக்டீரியா உயிரோட வருதுன்னா நண்டும் புழுவும் நத்தையும் இறாலும் கூடவே வரும். அதுங்க நம்ம தொட்டிக்குள்ள வந்து புகுந்துடுச்சுன்னு சொல்றோம், ஆனா அதுங்க அது வீட்டுலயேதான் இருந்துச்சு, வீட்டோட சேத்துத் தூக்கிட்டு வந்தது நாமதான். இதை நான் மனசார சொல்றேன், ஏன்னா பாத்த உடனே கொல்லணும்னு ஒரு அவசரம் வருமே, அந்த அவசரத்துலதான் நிறைய பேரு தொட்டியே போச்சுன்னு உக்காந்திருக்காங்க.

சத்தத்துக்கு வர்றேன். கடை அங்கிள்கிட்ட கேட்டேன், ரெண்டுல ஒண்ணா இருக்கும், கொடுக்க படார்னு மூடி சத்தம் போடுற பிஸ்டல் இறால், இல்லன்னா முன்னங்காலால சுத்தியல் மாதிரி அடிச்சு இரைய உடைக்கிற மான்டிஸ் இறால்னாரு. பிஸ்டல் இறால்னா பெருசா பயப்பட வேணாம், கோபி மீனோட ஒரே வளையில சேந்து வாழ்ற வகையெல்லாம் அதுல இருக்கு. சத்தத்த மட்டும் வச்சு எதுன்னு சொல்லவே முடியாது, கண்ணால பாக்கணும். அதனால டார்ச்ல சிவப்பு கண்ணாடிப் பேப்பர சுத்தி, எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, நானும் பொண்ணும் மூணு ராத்திரி தொட்டி முன்னாடி உக்காந்தோம். இந்த மாதிரி ஜீவன்கள்ல நிறையவற்றுக்கு சிவப்பு வெளிச்சம் சரியா தெரியாது, அதனால ஓடி ஒளியாது. மூணாவது ராத்திரி ஒரு ஓட்டை வாசல்ல ரெண்டு கண்ணு, ரெண்டும் தனித்தனியா திரும்பிப் பாக்குது. மான்டிஸ் இறாலேதான்.

அதோட அடிய பத்தி சொல்லியே ஆகணும். 2004-ல பெர்க்லியில உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஹை ஸ்பீட் கேமரா வச்சு மயில் மான்டிஸ் இறால் அடிக்கிறத அளந்தாங்க, அதிகபட்சம் செகண்டுக்கு 23 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் தண்ணிக்குள்ள. அந்த வேகத்துல தண்ணியில குமிழி உண்டாகி உடையும், அந்தக் குமிழி உடையுறதே இன்னொரு அடி. எங்க வீட்டுல இருந்தது 4 சென்டிமீட்டர் கூட வராத சின்ன வகை, ஆனா அந்த சங்க உடைக்க அதுவே போதும்.

பாட்டில் பொறி வச்சுப் பாத்தேன், பாட்டில் தலைய வெட்டி திருப்பிச் சொருகி உள்ள இறால் துண்டு போடுறது, அதுக்கு மாட்டவே இல்ல. கடைசில அது இருந்த கல்ல மட்டும் தொட்டிக்கு வெளிய எடுத்து, வாளிக்கு மேல பிடிச்சிக்கிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால சாதா சோடாவ அந்த ஓட்டைக்குள்ள விட்டேன், இனிப்பு சேக்காத வெறும் சோடா. கொஞ்ச நேரத்துல அதுவே வெளிய வந்து வாளியில விழுந்துச்சு. இதைத் தொட்டிக்குள்ள வச்சு செய்யாதீங்க, சோடாவுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பிஎச்ச, அதாவது தண்ணியோட அமில-கார அளவ, இறக்கிடும். முடிஞ்சதும் கல்ல தொட்டித் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப வைக்கணும். அப்புறம் விரலால எடுக்கப் போகாதீங்க, வலை போடுங்க.

அடுத்தது பிரிஸ்டில் புழு. லைட்ட அணைச்சதும் கல்லு இடுக்குல இருந்து ஆரஞ்சு கலர்ல, ரெண்டு பக்கமும் வெள்ளை முடியோட வரும், கம்பளிப்பூச்சிய கடல்ல விட்ட மாதிரி. இதப் பாத்து பயந்து போய் கல்ல மொத்தமா வெளிய எடுத்து வெயில்ல போட்டவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. அது வேண்டாங்க. தொட்டியில வர்ற பிரிஸ்டில் புழு பெரும்பாலும் மிச்சம் விழுந்த தீனியையும் செத்ததையும் தின்னு சுத்தம் பண்றது, நம்ம கை நுழையாத இடத்துல வேலை பாக்குது. அது எண்ணிக்கை கூடுதுன்னா நீங்க தீனி அதிகமா போடுறீங்கன்னு அர்த்தம், தீனிய குறைச்சா அதுவும் தன்னால குறையும். வெறுங்கையால தொட்டா மட்டும் முடி குத்தி அரிக்கும், டேப் ஒட்டி உரிச்சிட்டு வினிகர் தடவுங்க.

பயப்பட வேண்டிய புழுவும் உண்டு. 2009-ல இங்கிலாந்துல நியூக்கீ ஊர்ல இருக்கிற ப்ளூ ரீஃப் அக்வேரியத்துல பவளம் எல்லாம் துண்டு துண்டாக் கெடக்கு, என்ன காரணம்னு தெரியல, பொறி வச்சும் அகப்படல. கடைசில தொட்டியவே கல்லு கல்லா பிரிச்சுப் பாத்தா 4 அடி நீளத்துல ஒரு புழு, பாபிட் புழு வகை, அதுக்கு பேரி-னு பேரு கூட வச்சாங்க. ஆனா இது ரொம்ப அபூர்வம், அத மனசுல வச்சிக்கிட்டு எல்லாப் புழுவையும் சந்தேகப்படாதீங்க.

இப்போ ஐப்டேசியா. எனக்கு நிஜமான தலைவலி இதுதான். கண்ணாடி மாதிரி பழுப்பு நிறத்துல சின்ன பனைமரம் மாதிரி ஒரு அனிமோன், பூ மாதிரி இருக்கிற கடல் பிராணி, பாக்க அழகா இருக்கும், மொத தடவை பாக்கிறவங்க ஆஹா இலவசமா பூ வந்திருக்குன்னு விட்டுடுவாங்க. அது பக்கத்துல இருக்கிற பவளத்த கொட்டும், ஒண்ணு பத்தாகும். நான் செஞ்ச தப்ப சொல்லிடுறேன், இடுக்கியால பிடிச்சுப் பிச்சு எடுத்தேன். அடியில ஒட்டின சதைத் துணுக்கு ஒவ்வொண்ணும் புதுசா ஒரு ஐப்டேசியாவா வளரும்னு எனக்கு அப்போ தெரியாது. ஒரே ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு மாசத்துல ஏழெட்டு.

அதுக்கு மருந்து நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பழக்கமானது, சுண்ணாம்பு. இங்க லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல வெத்தலைக்குத் தடவித் தர்றாங்களே அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனா வாசனை போட்ட வெத்தலைச் சுண்ணாம்ப எடுத்துறாதீங்க, தொட்டிக்குன்னு சுத்தமான பவுடர் கடையில இருக்கு. தயிர் மாதிரி கெட்டியா குழைச்சு, பம்ப நிறுத்திட்டு, அது சுருங்குறதுக்கு முன்னாடி மெதுவா வாய் மேல விட்டு மூடணும், கொஞ்ச நேரம் கழிச்சு பம்ப போடணும். கரைச்ச சுண்ணாம்புத் தண்ணியோட பிஎச் 12-க்கு மேல, அதனால 40 லிட்டர் தொட்டியில ஒரு நாளைக்கு ரெண்டு மூணுக்கு மேல வேணாம். தொட்டி 40 லிட்டர்னு பேரு, கல்லும் மணலும் போக உண்மையில தண்ணி 30 லிட்டர்தான் இருக்கும், பெரிய தொட்டிக்காரங்க சொல்ற அளவ அப்படியே போட்டா நமக்கு ஆபத்து.

உயிரை வச்சும் அடக்கலாம். பெப்பர்மின்ட் இறால் ஐப்டேசியாவ தின்னும், எல்லா இறாலும் தின்னாது, சிலது எட்டிக்கூட பாக்காது. வாங்கும்போது கவனம், ஒட்டக இறால்னு ஒண்ணு சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டு, முதுகுல திமிலோட இருக்கும், அதையும் பெப்பர்மின்ட்னு சொல்லிக் குடுத்துடுறாங்க, அது ஐப்டேசியாவ விட்டுட்டு பவளத்த கடிக்கும். இன்னொண்ணு பெர்கியான்னு ஓடு இல்லாத குட்டிக் கடல் நத்தை, அதுக்கு சாப்பாடே ஐப்டேசியா மட்டும்தான். தொட்டியில ஐப்டேசியா தீந்துச்சுன்னா அது பட்டினியில செத்துடும், அதனால இங்க நாங்க ஒருத்தர் வேலை முடிஞ்சதும் அடுத்தவர் வீட்டுக்கு டப்பாவுல போட்டுக் குடுத்துடுவோம். என் வீட்டுல இருந்தது இப்போ மூணாவது வீட்டுல இருக்கு.

ஒரு விஷயம் தயவு செஞ்சு கவனமா கேளுங்க. பூச்சியெல்லாம் சாகட்டும்னு கல்ல கொதிக்க வைக்கவே கூடாது. கல்லுல ஒட்டி வளர்ற பட்டன் பாலிப்புன்னு ஒரு பிராணி இருக்கு, பவளத்துக்குச் சொந்தம், அந்தக் குடும்பத்துல பேலிதோவா வகைல பேலிடாக்சின்னு விஷம் இருக்கலாம். ஹவாய்ல மாவி தீவுல அந்தக் காலத்துல ஈட்டி முனையில தடவினாங்கன்னு கதை சொல்வாங்க, 1971-ல ஹவாய் பல்கலைக்கழகத்துல அத பிரிச்செடுத்தாங்க, இயற்கையில இருக்கிற ரொம்பக் கொடிய விஷங்கள்ல ஒண்ணு. கொதிச்ச ஆவியில அது மூச்சு வழியா உள்ள போகும். 2018 மார்ச்ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பக்கம் ஸ்டீவன்டன் கிராமத்துல வீட்டுத் தொட்டியில இருந்த பவளத்த எடுத்து சுத்தம் பண்ணப் போய் அந்தக் குடும்பத்துல ஆறு பேரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாச்சு. பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, கொதிக்க வைக்காதீங்க, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்க, வீட்டுல குழந்தை இருந்தா பக்கத்துல விடாதீங்க.

சிவப்பு தட்டைப்புழுவுக்கும் இதே மாதிரி ஒரு ஆபத்து. மருந்து ஊத்தினா அது செத்துடும், சாகும்போது உள்ள இருக்கிற விஷத்த தண்ணியில விடும், சின்னத் தொட்டியில மீனே போயிடும். அதனால மொதல்ல குழாய் வச்சு எவ்வளவு உறிஞ்ச முடியுமோ உறிஞ்சி எடுத்துட்டு, விஷத்த உறிஞ்சுற கார்பனும் மாத்துத் தண்ணியும் தயாரா வச்சிக்கிட்டுத்தான் மருந்து. மண்ணுப்புழு கூடு மாதிரி குழாய் கட்டி சளி வலை விடுற நத்தை இருக்கு, வெர்மெட்டிட், அதுக்கு குழாய் வாய்ல ஜெல் சூப்பர் குளூ ஒரு சொட்டு, முடிஞ்சுது வேலை.

வராம தடுக்கிறது சுலபம், ஆனா பொறுமை வேணும். புது பவளம் வாங்கினா அது ஒட்டியிருக்கிற அடிக்கட்டைய எடுத்துடுங்க, பூச்சிங்களோட முட்டை அங்க ஒட்டியிருக்கலாம். அப்புறம் பவளத்துக்குன்னு விக்கிற டிப் கரைசல்ல சொன்ன நிமிஷம் மட்டும் முக்கி மெதுவா ஆட்டுங்க, அடியில என்னென்ன விழுதுன்னு பாத்தா அசந்து போயிடுவீங்க. டிப்புக்கு முட்டை சாகாது, அதனால ஒரு வாரம் தனி டப்பாவுல வச்சிருந்து, பொரிச்சு வந்ததுக்காக திரும்ப ஒரு தடவை முக்கணும். இந்த ரெண்டாவது தடவையத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

எடுத்தத எங்க போடுறது? கடல்ல மட்டும் விடாதீங்க, கால்வாய்லயும் ஊத்தாதீங்க. 1984-ல மொனாக்கோவுல கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழ ஒரு சதுர மீட்டர் அளவுல காலர்பான்னு தொட்டிப் பாசி ஒண்ண பாத்தாங்க, அது மத்தியதரைக் கடல்ல ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் படர்ந்துடுச்சு. அதே பாசி 2000-ல கலிபோர்னியாவுல தெரிஞ்சப்போ தார்ப்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட்டு அழிச்சாங்க, முழுசா போச்சுன்னு அறிவிக்க 2006 ஆச்சு. நம்ம ஊர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவுலயும் இந்த வலி இருக்கு, மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டு வந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுல உயிருள்ள பவளத்து மேல படர்ந்திருக்குன்னு 2008-ல எழுதினாங்க. ஊர்ல இருந்து யாராச்சும் அங்க இருந்து கல்லு எடுத்துட்டு வரவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க, கல் பவளம் எல்லாமே 2001-ல இருந்து இந்திய வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. நான் எடுக்கிறத குளிர்ப்பெட்டி ஃபிரீசர்ல ஒரு ராத்திரி வச்சு, பையில கட்டி குப்பையில போடுறேன், பழைய தண்ணிய பிளீச் கலந்து வச்சிருந்து டாய்லெட்ல ஊத்துறேன்.

அந்த மான்டிஸ் இறாலை மட்டும் ஃபிரீசர்ல வைக்க பொண்ணு விடல. 10 லிட்டர் அக்ரிலிக் டப்பா ஒண்ணுல, அது வந்த கல்லோட ஒரு துண்ட உடைச்சு வச்சு, படிக்கிற மேசை மேல வச்சிருக்கா. வாரத்துக்கு ரெண்டு சின்ன நத்தை போடுவா. தோல் உரிக்கிற நேரம் வந்தா அது சின்னச் சின்னக் கல்லா பொறுக்கி ஓட்டை வாசல அடைச்சுக்கும், அந்த வாரம் வீட்டுல டிக் சத்தமே கேக்காது. நேத்து ராத்திரி திரும்ப வாசலத் திறந்திருக்கு.